பெற்றோர் இருவருக்கும் மைனஸ் பவர்: மகளுக்கும் வருமா?

திருமங்கலத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எனக்கு மைனஸ் 6, என் மனைவிக்கு மைனஸ் 4. எங்கள் இருவரின் பெற்றோரும் இளவயதில் கண்ணாடி போட்டதில்லை. தூரத்துப் பஸ்ஸின் போர்டைக்கூடத் தடுமாறாமல் படிப்பார்கள். எட்டு வயது மகளுக்கு இதுவரை குறையில்லை. அவளுக்கும் வருமா? தடுக்க வழியுண்டா?”

வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். ஆனால் அதைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ உங்களால் முடியும். மைனஸ் பவர் என்று நாம் சொல்லும் கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் அளவுக்கு மேல் நீண்டுவிடுவதால் வருவது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே ஏறத்தாழ இரண்டரை பவர் ஏறிவிடும். இதில் பங்குள்ள மரபணுப் பகுதிகள் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அவற்றின் வழியாகப் பிள்ளைக்கு வந்து சேருவது, சூழல் இடம்கொடுத்தால் எளிதில் நீளக்கூடிய கண்.

உங்கள் கடிதமே இதை உணர்த்துகிறது. மகளின் மரபணுக்கள் அந்தத் தாத்தா பாட்டிகள் நால்வரிடமிருந்து வந்தவையே. இரண்டு தலைமுறைக்குள் அவை அவ்வளவு மாறிவிடுவதில்லை, மாறியது பிள்ளைப்பருவம். தென்கொரியாவின் சியோலில் 2010இல் ராணுவத்துக்காகப் பரிசோதிக்கப்பட்ட 19 வயது இளைஞர்களில் 96.5 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. பகலெல்லாம் கூரைக்குள் படித்து வளர்ந்த தலைமுறை அது.

பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைத்து விழி நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பதே இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டபோது, மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், அப்படி விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம்.

மதுரைப் பக்கத்து வெயிலில் இது எப்படி என்று தயங்க வேண்டாம். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். பகலில் வேப்பமர நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். காலையும் மாலையும் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரம் மகளை வெளியே விளையாட விடுங்கள். பள்ளி விட்டதும் நேரே டியூஷனுக்கு அனுப்புவதை இந்த வயதிலாவது தவிர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். டியூஷன் அவசியமானால் இருட்டிய பிறகு இருக்கட்டும். செல்போனை வாங்கி வைப்பது நல்லதே. ஆனால் அதற்குப் பதிலாகப் புத்தகத்தோடு அறைக்குள் உட்காரவைத்தால் பயன் குறைவு.

ஆண்டுக்கொருமுறை சொட்டு மருந்து விட்டுப் பரிசோதியுங்கள். பவர் வந்துவிட்டால், அந்தப் பவரைக் குறைக்காமல் முழு அளவிலேயே கண்ணாடி போடுங்கள். கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது தவறான நம்பிக்கை. பவர் வேகமாக ஏறினால், அதை மட்டுப்படுத்த அட்ரோபின் என்ற கண் சொட்டு மருந்து குறைந்த அளவில் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.