மகள் அணைக்கட்டு வேலைக்குப் போக ஆசைப்பட்டால்

அண்ணே, உங்கள் மகள் ப்ளஸ் டூவில் கணிதம் எடுத்துப் படிக்கிறாள், 'டேம் இன்ஜினியர் ஆகணும்' என்று ஒரே பிடியாக நிற்கிறாள், நீங்கள் கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை என்கிறீர்கள். உங்களுக்குப் பயம் இரண்டு. படித்தால் வேலை கிடைக்குமா? கிடைத்தாலும் பெண்பிள்ளை காட்டுக்குள், மழையில், ராத்திரி போய் நிற்க வேண்டுமா?

கூடலூர், கம்பம் பக்கத்துப் பிள்ளைக்கு இந்த ஆசை வந்ததில் அதிசயம் இல்லை. டீக்கடைச் சுவரில், முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுக் படம் பார்த்து வளர்ந்தவள். 1895-ல் கட்டி முடித்த அந்த அணை நிற்பது கேரளத்து இடுக்கி மாவட்டத்தில். பராமரிப்பதும் தண்ணீர் திறப்பதும் தமிழ்நாடு நீர்வளத்துறை. மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வரும் அந்தத் தண்ணீரில்தான் நம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைகிறது. ஆனால் அவள் மனதில் இருக்கும் படம் அணை 'கட்டுவது' என்றால், முதலில் அதைப் பேசித் தெளிவாக்கிவிடுங்கள். தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ புதிதாகப் பெரிய அணை வருவது இனி அபூர்வம். தோதான இடங்களில் எல்லாம் கட்டியாயிற்று. மிச்சம் இருக்கும் இடங்களில் காடும் குடியிருப்பும் வழக்கும்தான் இருக்கின்றன.

வேலை இருப்பது, கட்டியதைக் காப்பதில். நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட பெரிய அணைகள் இருக்கின்றன. அவற்றில் 200-க்கும் மேற்பட்டவை நூறு வயதைக் கடந்தவை. 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு அணைக்கும் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடக்க வேண்டும், அளவுக் கருவிகள் இருக்க வேண்டும், அணையை வைத்திருப்பவர் அதற்கென்று ஒரு பாதுகாப்புப் பிரிவு வைத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் படித்த ஆள் வேண்டும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். பழைய கல் அணை எதுவானாலும் கொஞ்சம் கசியும். பல அணைகளில் உள்ளே காலரி என்று ஒரு நடைபாதை இருக்கும். கசிவு நீர் அங்கே ஒரு சிறு வாய்க்காலில் சேரும். வாய்க்காலின் குறுக்கே 'வி' வடிவத்தில் வெட்டிய தகடு ஒன்றை நட்டிருப்பார்கள். அந்த வெட்டில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று படித்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட வேண்டும். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும். அதனால் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் கணக்கு எங்கேயோ போய்விடும். நீர்மட்டம் ஏறும்போது கசிவும் ஏறினால் அது இயல்பு. மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினாலோ, தெளிவாக வந்தது கலங்கி வந்தாலோதான் மேலதிகாரிக்கு உடனே போன் போக வேண்டும். வருஷக்கணக்கில் ஒன்றும் நடக்காத இடத்தில், தினமும் அதே எண்ணை அதே கவனத்தோடு எழுதத் தெரிய வேண்டும். பரபரப்பு தேடும் பிள்ளைக்கு இது சரிப்படாது.

உங்கள் மகளுக்குச் சரிப்படுமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நம் பக்கத்துப் பேப்பரில் முல்லைப்பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று தினமும் போடுகிறார்கள். ஒரு மாதம் நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். வரத்து வினாடிக்கு 1,000 கன அடி, வெளியேற்றம் 500 என்றால், ஒரு நாளில் இருப்பு 43.2 மில்லியன் கன அடி கூட வேண்டும். மறுநாள் பேப்பரில் அப்படிக் கூடியிருக்கிறதா என்று பார்க்கட்டும். பத்து நாளில் சலித்துவிட்டால் நல்லதுதான், நான்கு வருஷப் படிப்புச் செலவு மிச்சம். 'காட்டுக்குள்ளே இத்தனை ஓடை வந்து சேருதே, நீர்வரத்தை எப்படிப்பா அளக்கிறாங்க?' என்று கேட்டால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. இருப்பு எவ்வளவு மாறியது, எவ்வளவு வெளியே போனது என்பதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அந்தக் கேள்வி தானாக வரும் பிள்ளைக்கு நீரியல் பாடம் பிடிக்கும்.

படிப்பு என்றால் பி.இ. சிவில், அவ்வளவுதான். கேட்க அழகான புதுப் பெயர்களில் வரும் படிப்புகளை நம்பிப் போக வேண்டாம். அரசு அறிவிப்பில் 'சிவில்' என்று கேட்டிருக்கும் இடத்தில் பட்டத்தின் பெயர் ஒட்டாமல் விண்ணப்பம் தள்ளுபடியாகும். கல்லூரியைப் பொறுத்தவரை கிண்டிப் பொறியியல் கல்லூரி, கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி, மதுரை தியாகராசர் என்று கட்-ஆஃப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். மெக்கானிக்கல் கிடைத்தாலும் வழி அடைந்துவிடாது. தண்ணீரைத் திறந்து மூடும் ஷட்டர், அதாவது அணைக் கதவு, மெக்கானிக்கல் வேலைதான். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் ஷட்டர் ஒன்று உடைந்து தண்ணீர் பாய்ந்ததும், 2024 ஆகஸ்டில் கர்நாடகத்துத் துங்கபத்ரா அணையில் சங்கிலி அறுந்து 19-வது ஷட்டர் அடித்துக்கொண்டு போனதும் நினைவிருக்கும். துங்கபத்ராவில் ஓடுகிற தண்ணீரிலேயே தற்காலிகக் கதவை இறக்கக் கூப்பிட்டது கன்னையா நாயுடுவை. ஷட்டர் வேலையிலேயே ஊறிய, எழுபது வயது தாண்டிய நிபுணர். அந்த வயதிலும் அவரைத்தான் தேடவேண்டியிருந்தது என்றால், இந்தத் துறையில் ஆள் எவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

பட்டம் முடித்தபின் டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணித் தேர்வு எழுதினால் நீர்வளத்துறை உதவிப் பொறியாளர். தமிழ்த் தாளில் 40 விழுக்காடு எடுத்தாக வேண்டும். யு.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வு எழுதி மத்திய நீர்வள ஆணையத்துக்கும் போகலாம். அதற்கு சிவில், மெக்கானிக்கல் இரண்டும் செல்லும். 'கேட்' என்கிற எம்.டெக். நுழைவுத் தேர்வு எழுதினால் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் அணைப் பாதுகாப்புக்கென்றே எம்.டெக். இருக்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: டி.என்.பி.எஸ்.சி.யில் இந்த வேலைக்கு வருஷா வருஷம் இடம் வரும் என்று சொல்ல முடியாது, வந்தாலும் போட்டி கடுமை. இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கும்போது அவள் கட்டுமான ஆலோசனை நிறுவனத்திலோ, அளவுக் கருவி பொருத்தும் கம்பெனியிலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கட்டும். வீட்டில் சும்மா உட்கார வைத்துப் படிக்கச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது பயத்துக்கு வருவோம். உதவிப் பொறியாளர் வேலையில் பெரும்பகுதி அணைமேல் நடப்பதல்ல; வாய்க்கால், கண்மாய், மதகு, எஸ்டிமேட், டெண்டர், பில். அணையில் போட்டால் மழைக்காலத்தில் ராத்திரி விழித்திருக்க வேண்டியது உண்மை. முல்லைப்பெரியாறு என்றால் தேக்கடியிலிருந்து படகில் போக வேண்டியிருக்கும், சுற்றிலும் புலிகள் காப்பகம். ஆனால் தனியாக நிற்பதில்லை, கூட ஆட்கள் இருப்பார்கள். தமிழ்நாடு அரசுப் பணியில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. காட்டைவிட அவளைக் களைப்பாக்கப் போவது ஃபைல்தான் என்று நினைக்கிறேன். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், இரண்டு மாநிலமும் கண்காணிக்கும் அணை அது. எழுதும் ஒவ்வொரு எண்ணையும் இன்னொருவர் சரிபார்ப்பார். மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தால் பெரிய உதவி. குமுளியில் உங்கள் தங்கை வீடு இருக்கிறதே, லீவுக்கு அனுப்பி எழுத்தைப் பழகச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து விடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு போனால் கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது.