மக்காச்சோளப் பைகள் உண்மையிலேயே மக்கிவிடுமா? என் கடைக்கு வாங்கலாமா?

நீங்கள் பலகாரக் கடையோ உணவகமோ வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு நாலு பை வாங்குகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். முகவர் ஒருவர் வந்து, "செடியில் செய்தது, மண்ணில் போட்டால் எருவாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். எங்கள் தெருவில் இருக்கும் கடைகளிலும் இதே பேச்சுதான் பேசினார்கள்.

நான் காட்பாடியில் 22 ஆண்டுகளாகப் பழைய பேப்பர் கடை நடத்துகிறேன். பிளாஸ்டிக்கில் பிழைக்கிறவன் பிளாஸ்டிக்குக்குத்தானே வக்காலத்து வாங்குவான் என்று யாராவது எழுத வருவீர்கள் என்பதால் முன்பே சொல்லிவிடுகிறேன்: 2019 ஜனவரி 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் மெல்லிய பைகளுக்குத் தடை வந்தபோது மனம் நிறைந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பைகள் எனக்கு எந்தக் காலத்திலும் கட்டுப்படியானதில்லை. பாலாற்று மணலில் அவை பாதி புதைந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கோடையில், ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு சிறு ஆலைக்கு 600 கிலோ பாலித்தீன் கவர் அனுப்பினேன். அவர்கள் அதை உருக்கி, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் கருப்புக் குழாய் செய்கிறவர்கள். இருபது நாள் கழித்து ஆலைக்காரர் அழைத்தார். "அண்ணே, நேரில் வந்து பாருங்கள்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. போனேன். குழாயை நீளவாக்கில் கிழித்து வைத்திருந்தார். உட்புறமெல்லாம் அம்மைத் தழும்பு போலக் கொப்புளம், அங்கங்கே ஊசித் துளை. வாங்கிப்போன விவசாயி திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டார்.

மீதமிருந்த மூட்டையைப் பிரித்தோம். கவர்களுக்கு நடுவே வெளிர்ப்பச்சை நிறத்தில், கையில் பட்டால் மாவு தடவியது போல வழுவழுவென்று சில பைகள். ஆலைக்காரர் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு வகையையும் துண்டு வெட்டிப் போட்டு அமுக்கினார். பாலித்தீன் மேலே வந்து மிதந்தது, பச்சைப் பை அடியில் போய் உட்கார்ந்தது. அது ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலித்தீன் உருகும் சூட்டில் சிதைந்து ஆவியாகக் கொப்பளிக்கும் என்று அவர்தான் விளக்கினார். கழுவும் தொட்டி வைத்திருக்கும் பெரிய ஆலையில் அடியில் தங்குவது தனியாகப் போய்விடும். இவர் போன்ற சிறு ஆலைகள் காய்ந்த சரக்கை அப்படியே வெட்டிப் போடுகின்றன. நானும் கடையில் வேலை செய்யும் இரண்டு அக்காமார்களும் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கியதில் அந்தப் பச்சைப் பைகள் 40 கிலோ தேறின. சரக்குக்குக் காசு வரவில்லை, குழாய் நட்டத்திலும் பாதியை நான்தான் ஏற்றேன்.

சரி, உருக்க முடியாவிட்டால் மக்கட்டும் என்று நினைத்தேன். இலவம்பாடியில் என் மச்சான் கத்தரிக்காய் பயிரிடுகிறார். அவருடைய எருக்குழியில் தை மாதம் பத்துப் பைகளைப் போட்டோம். புரட்டாசியில் எரு வாரும்போது மண்வெட்டியில் சுற்றிக்கொண்டு வந்தன. ஓரம் நைந்திருந்தது, அவ்வளவுதான். "இதை நிலத்தில் இறைக்கட்டுமா மாமா?" என்று மச்சான் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு கல்லூரியில் வேதியியல் படிக்கும் என் மகள் விளக்கினாள். இந்தப் பைகளுக்கான ஐஎஸ்ஓ 17088 என்ற சர்வதேசத் தர அளவில் ‘மக்கும்’ என்பதன் பொருள், ஏறத்தாழ 58 டிகிரி சூட்டை விடாமல் வைத்திருக்கும் தொழிற்சாலை எருக்கிடங்கில் ஆறு மாதத்துக்குள் மக்குவது. அக்னி நட்சத்திரத்தில் வெந்துபோகும் நம் வேலூரிலும் எருக்குழி அத்தனை சூட்டில் மாதக்கணக்கில் நிற்காது. மேலும் ‘மக்காச்சோளப் பை’ என்று விற்பதில் சோளத்தின் பங்கு பெரும்பாலும் குறைவு. பை இழுபடுவதற்காகச் சேர்க்கும் பிபிஏடி என்ற பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதுவும் மக்கும்தான், ஆனால் செடியில் விளைந்ததல்ல.

தயாரிப்பில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மக்காச்சோள மாவைச் சர்க்கரையாக்கி, நுண்ணுயிர் விட்டுப் புளிக்கவைத்து, லாக்டிக் அமிலம் எடுத்துச் செய்வது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்; இந்தப் பைகளில் சோளத்தின் பங்கு என்பது பெரும்பாலும் அதுதான். செடி வளரும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் அந்தக் கணக்கில் அது பெட்ரோலியப் பிளாஸ்டிக்கைவிடப் பெரும்பாலும் மேல். ஆனால் சோளத்துக்கு யூரியா போடுகிறோம். அந்த மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 270 மடங்கு சூடேற்றக்கூடியது. உரம் நீர்நிலைக்குப் போய்ப் பாசி பிடிக்கிறது. நிலமும் தண்ணீரும் வேறு. பாலாறு வற்றிக் கிடக்கும் ஊரில் இருந்துகொண்டு தண்ணீரைக் கணக்கில் விட்டுவிட என்னால் முடியாது.

பிரேசிலில் கரும்புச் சாராயத்திலிருந்து பாலித்தீனே செய்கிறார்கள். அது மிதக்கும், மற்ற கவர்களோடு சேர்ந்து உருகும், எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஆனால் அது மக்காது. ‘தாவரப் பிளாஸ்டிக்’ என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டையும் விற்பதுதான் குழப்பத்துக்கெல்லாம் காரணம்.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவுக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்த்தினார்கள். ஊர்க் குப்பையைக் குறைக்கிறவன் மீது அந்தச் சுமை. இது போதாதென்று, எங்கே செம்புக் கம்பி திருடு போனாலும் முதலில் என் கடை மூட்டையைத்தான் அவிழ்க்கிறார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "அப்பா குப்பை வாங்குகிறவரா?" என்று கேட்டுவிட்டுக் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உலர்ந்த பலகாரத்துக்கு மந்தாரை இலையும் காகிதமும் போதும். வாடிக்கையாளர் மஞ்சப்பை கொண்டுவந்தால் இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுங்கள், எங்கள் தெரு இட்லிக் கடையில் அது நடக்கிறது. அப்படியும் அந்தப் பைதான் வேண்டுமென்றால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, பயன்படுத்திய பையை யார் திரும்ப எடுப்பார்கள், எந்த ஊர் எருக்கிடங்குக்குப் போகும் என்று முகவரிடம் எழுதி வாங்குங்கள். நம் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருப்பதாக அவர் சொன்னால் எனக்கும் தெரிவியுங்கள். அந்த 40 கிலோவை என் செலவில் வண்டி வைத்து அனுப்புகிறேன்.