சோட்டா பீமை வள்ளத்தில் ஏற்றலாமா?

வாசகர் கேள்விகள்: ஓவியர் அண்ணாச்சி பதில்கள்

கார்ட்டூன், கேம் கதாபாத்திரங்களை மாற்றி வரைவது பற்றிப் போன இதழில் ஒரு வரி எழுதப்போக, தபால் குவிந்துவிட்டது. பிள்ளைகள் படம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், பெரியவர்கள் கவலையை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான்.

அண்ணாச்சி, சோட்டா பீமை எங்க ஊர் கடற்கரைப் பையனாக மாற்றி வரைந்தேன். கூலிங் கிளாஸ், சுறாப்பல் மாலை, கையில் நங்கூரம் பச்சை குத்தி, முதுகில் துடுப்பு எல்லாம் வைத்தேன். பார்க்கிறவர்கள் ‘இது யாரு?’ என்கிறார்கள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?
– கல்லூரி மாணவர், குளச்சல்

படத்தைப் பார்த்தேன் தம்பி. நங்கூரம் பிரமாதம். பையன் யாரென்றுதான் எனக்கும் பிடிபடவில்லை.

நான் ஃபிளெக்ஸ் போர்டு வருவதற்கு முன்னால் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் சுவர் எழுதிப் பிழைத்தவன். அப்புறம் பாலர் பள்ளிச் சுவர்களில் மிக்கி, டோரா, பீம் என்று போட்டுக் கூலி வாங்கியவன். சுவர் வேலையில், பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கிற நேரத்துக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் கண்ணும் மூக்கும் உதவாது, வெளிக்கோடுதான் கைகொடுக்கும். உங்கள் படத்தை ஒரு ட்ரேசிங் தாளில் எடுத்து, உள்ளே முழுக்கக் கருப்பு அடித்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். மிக்கியின் தலைக்கு மூன்று வட்டம் போதும். பீமுக்கு அகன்ற வெற்று நெஞ்சும் குட்டைக் காலும் இடுப்பு வேட்டியும். நீங்கள் துடுப்பையும் மாலையையும் மாட்டி அந்த நெஞ்சையே மூடிவிட்டீர்கள்.

ஒன்றை எடுப்பதற்கு முன் அது எதற்காக அங்கே வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1981-ல் ‘டாங்கி காங்’ கேமுக்காக ஷிகெரு மியாமோட்டோ மாரியோவை வரைந்தபோது அவருக்குக் கிடைத்த இடம் 16-க்கு 16 புள்ளிதான். அதில் வாய் வரைய முடியாது, அதனால் பெரிய மூக்குக்குக் கீழே மீசை. தலைமுடி அசைவதைக் காட்ட முடியாது, அதனால் தொப்பி. கை ஆடுவது உடம்போடு ஒட்டித் தெரியக்கூடாது, அதனால் வேறு நிறத்தில், நெஞ்சு வரை ஏறிய அந்த டவுசர். மிக்கிக்கு 1929-ல் கையுறை வந்ததும் இப்படித்தான். கருப்பு உடம்புக்கு முன்னால் கருப்புக் கை வந்தால் கண்ணுக்கே தெரியாதே.

பீம் 2008-ல் போகோ சேனலில் வந்தவன், ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகா உருவாக்கியது. வெற்று மேனி, ஆரஞ்சு வேட்டி, லட்டு தின்றால் பலம். இந்த மூன்றையும் விட்டுவிடாமல் குளச்சலுக்குக் கூட்டிவாருங்கள். வேட்டிக்குப் பதில் அதே ஆரஞ்சில் சாரம் (கைலி), முட்டுக்கு மேலே மடித்துக் கட்டியது. லட்டுக்குப் பதில் நம்ம முந்திரிக்கொத்து. அதுவும் உருண்டைதானே, கருப்பு அடித்துப் பார்த்தாலும் கையில் லட்டு மாதிரியே தெரியும். நிற்கிற நிலையை மட்டும் துணிந்து மாற்றுங்கள். கரமடி வலையைக் கரையிலிருந்து இழுக்கும்போது ஆட்கள் எப்படி நிற்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: கயிறு இடுப்போடு, உடம்பு பின்னால் சாய்ந்து, குதிகால் மணலில் புதைந்து. பீமின் பலத்தைக் காட்ட அதைவிட வேறென்ன வேண்டும்? கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள். வலை இழுக்கிறவன் முகத்தில் அது ஒரு நிமிஷம் நிற்காது.

காசு செலவழித்தே கோட்டைவிட்டவர்களும் உண்டு. சோனிக் 1991-லிருந்து பிள்ளைகளுக்குத் தெரிந்த நீல முள்ளெலி. 2019-ல் அவன் படத்தின் முதல் டிரெய்லர் வந்தபோது, மனிதப் பல், தனித்தனியாகச் சின்னக் கண், கையுறை இல்லாத கை. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். நவம்பரில் வர வேண்டிய படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளி, ஆளையே திரும்ப வரைந்தார்கள். கண் பெரிதானது, வெள்ளைக் கையுறை திரும்பி வந்தது.

என் மகன் எட்டாம் வகுப்பு. நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க ரோபோ வில்லன்கள். இது உருப்படுகிற வழியா?
– ஒரு தாய், நாகர்கோவில்

கடைசிப் பக்கம்தானே தங்கச்சி? முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் எழுதுங்கள், கவலைப்படலாம்.

ஜப்பானில் கேப்காம் நிறுவனம் 1980-களின் கடைசியில் ‘மெகா மேன்’ கேமுக்கு ரோபோ வில்லன்களை வரைந்து அனுப்பச் சொல்லிப் பிள்ளைகளிடமே கேட்டது. தேர்வானவற்றைக் கேமிலேயே சேர்த்தது. அப்படி இரண்டு முறை தேர்வான பையன் யூசுகே முராட்டா. இன்றைக்கு ‘ஒன் பஞ்ச் மேன்’ காமிக்ஸை வரைகிறவர் அவர்தான். உங்கள் மகன் அப்படி வருவான் என்று நான் எழுதித் தர மாட்டேன். ஒரு வரையில்லாத நோட்டு வாங்கிக் கொடுங்கள், கணக்கு நோட்டு பிழைத்துக்கொள்ளும்.

அண்ணாச்சி, நான் சொந்தமாக ஒரு போக்கிமான் கண்டுபிடித்தேன். பச்சை நிறம், காதுக்குப் பதில் ரப்பர் இலை. என் தோழிகள் ‘கலர் மாத்தின பிக்காச்சு’ என்று சிரிக்கிறார்கள். அழுகையே வந்துவிட்டது.
– பத்தாம் வகுப்பு மாணவி, குலசேகரம்

அழாதே மக்களே. தோழிகள் சொன்னது சரி, சிரித்ததுதான் தப்பு.

பிக்காச்சு எப்படி வந்தது தெரியுமா? 1996-ல் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் கேமுக்காக அட்சுகோ நிஷிடா என்ற பெண் வரைந்தது. முதலில் அவர் மனதில் இருந்தது அரிசி மாவில் செய்கிற ஒரு உருண்டைப் பலகாரத்தின் உருவம். அந்தச் சமயம் அவருக்கு அணில் மேல் ஒரு பிரியம். அணில் தீனியைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும் அல்லவா? அதைப் பார்த்து, இது மின்சாரத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளட்டும் என்று வைத்தார். அந்தச் சிவப்புக் கன்னம் அழகுக்கு வைத்த பொட்டு இல்லை, அதுதான் பேட்டரி. நீ நிறத்தை மாற்றினாய், காதை மாற்றினாய், கன்னத்தை அப்படியே விட்டுவிட்டாய். உன் பிராணி ரப்பர் இலையோடு மின்சாரம் எதற்கு வைத்திருக்கிறது?

பிக்காச்சுவை மூடி வைத்துவிட்டு, விடியுமுன் எழுந்து யாராவது ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதைப் பார். நீ குலசேகரத்துப் பிள்ளை, தேடிப் போக வேண்டியதில்லை. நெற்றியில் விளக்கு. வெட்டுவதற்கு முன்னால் முந்தின வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நீளமாக உரித்து எடுப்பார்கள். பிறகு கத்தி இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். பட்டையில் அந்தச் சாய்ந்த கோடு, அதன் முனையில் ஒரு சொட்டு, கீழே சிரட்டை. இப்போது சொல், உன் பிராணியின் விலாவில் வரி போடுவதென்றால் நேராகப் போடுவாயா, சாய்த்துப் போடுவாயா? அடிபட்டால் அந்த வரியில் வெள்ளையாகப் பால் கசிந்து, உறைந்து, காயத்தை மூடிவிடும். காயம் ஆறியதும் அந்தப் பிசினை உரித்து எதிரியின் காலில் ஒட்டும். ஒரே வரியில் ஒரு பாதுகாப்பு, ஒரு தாக்குதல்!

தாக்குதலுக்கு இன்னொன்றும் இருக்கிறது. வெயில் ஏறினால் ரப்பர் காய் ‘டப்’பென்று வெடித்து மூன்று கொட்டையும் மூன்று திசையில் தெறிக்குமே. அந்தக் கொட்டையைத் திண்ணையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருக்கிறவன் தொடையில் வைக்காத பிள்ளை உங்க ஊரில் உண்டா? முதல் பருவத்தில் உன் பிராணி புள்ளி போட்ட அந்தக் கொட்டை மாதிரி உருண்டு திரியட்டும். வளர்ந்தபின் காலும் வரியும் வரட்டும்.

உடம்புக்கு அணில் வேண்டாம், அது பிக்காச்சு வீட்டுச் சொத்து. மரநாயை எடுத்துக்கொள். ராத்திரி விழித்திருக்கிற பிராணி, வெளிச்சம் பட்டால் கண் மின்னும், ரப்பர் வெட்டுகிறவருக்கும் அதுதானே நேரம்? நெற்றியில் விளக்கு மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு வை. இலையைக் காதில் வைக்காதே, வால் நுனியில் வை, ஒரு காம்பில் மூன்று இலையாக. வருஷத்தில் ஒரு தடவை அதை உதிர்த்துவிட்டு மொட்டை வாலோடு வெட்கப்பட்டுத் திரியட்டும்.

கடைசியாகப் பலவீனம். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அதற்காகத்தான் மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டுகிறார்கள். போக்கிமானில் செடி வகைப் பிராணி தண்ணீர் வகைக்குப் பயப்படாது என்பது உனக்கே தெரியும். உன்னுடையது மட்டும் மழைக்குப் பயப்படட்டும். அதைக் கேட்ட பிறகு தோழிகள் சிரிக்க மாட்டார்கள், ‘ஏன்?’ என்று சண்டைக்கு வருவார்கள். வரைந்து அனுப்பு, நான் காத்திருக்கிறேன்.

காகிதத்தில் வரைவது நல்லதா, போனில் வரைவது நல்லதா?
– வாசகர், அருமனை

வெளிக்கோடு காகிதத்தில், நிறம் போனில். ஐபிஸ் பெயின்ட் என்ற செயலி இருந்தால் போதும், கணினி இருந்தால் கிருதா என்ற வரைகிற மென்பொருள் இலவசம். போனில் ஒரு தொந்தரவு: தப்பான கோட்டை உடனே அழித்துவிடலாம் என்பதால் கை யோசிக்காமலே ஓடும்.

என் ஹீரோவுக்குப் பறக்கும் சக்தி, மறையும் சக்தி, தீ, பனி, காலத்தை நிறுத்துவது எல்லாம் இருக்கிறது. அவனை யாராலும் ஜெயிக்க முடியாது. தங்கச்சி மட்டும் ‘போர் அடிக்குது’ என்கிறாள். அவளுக்குப் பொறாமையா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தோவாளை

உன் தங்கச்சியை இந்தப் பத்திரிகையில் ஆசிரியராகச் சேர்க்கச் சொல்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு ஹீரோ இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரோடுதான் தொடங்கியது. அவர் மறைவதற்கு மின்சாரத்தைத் தொட வேண்டும், உடம்பு முழுக்க மறைந்தாலும் அந்த இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தக் கை அந்தரத்தில் போவதைப் பார்க்கத்தான் நாங்கள் வாடகைப் புத்தகக் கடையில் வரிசையில் நின்றோம். கையும் மறைந்திருந்தால் வரைகிறவருக்கு வெறும் அறைதான் மிஞ்சியிருக்கும். டோரேமான் காதை எலி தின்றுவிட்டது, அதனால் பூனை எலிக்குப் பயப்படுகிறது. பென் 10-ஐ ஏலியனாக மாற்றுகிற கைக்கடிகாரம், நேரம் முடிந்தால் நடுச் சண்டையில் அவனைச் சின்னப் பையனாக விட்டுவிடும். அதுவும் பாதி நேரம் கேட்ட ஏலியனைத் தராது.

உன் ஹீரோவிடம் ஒரே ஒரு சக்தியை விட்டுவை. நீ தோவாளைக்காரன், பூவிலிருந்து எடு. விடியுமுன் சந்தையில் கூடையில் இருக்கும்போது அவனுக்கு முழுப் பலம். வெயில் ஏற ஏற வாடும், ஆரல்வாய்மொழிக் காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம். வில்லன் அதிகாலையில் வரவே மாட்டான், மத்தியானம் பார்த்துத்தான் வருவான். ஓணத்துக்கு முந்தின வாரம் கேரள வியாபாரிகள் பூவை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனால் ஹீரோவின் கதி என்ன? அதைத் தங்கச்சியையே எழுதச் சொல்.

பிரபல கார்ட்டூன் கதாபாத்திரங்களை என் பாணியில் மாற்றி வரைந்து ஸ்டிக்கராக விற்கிறேன். நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். என் கைப்படம்தானே, எனக்குத்தானே சொந்தம்?
– பட்டதாரி, மார்த்தாண்டம்

கோடு உங்களுடையது, ஆள் உங்களுடையவர் இல்லை. நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதற்கு அதில் இடம் உண்டு. ஒரு படைப்பைப் படியெடுத்தோ மாற்றியோ விற்பது உரிமையாளரின் கையில் இருக்கிறது. படைத்தவர் இறந்து 60 வருஷம் வரை அந்த உரிமை நீடிக்கும். பெயருக்கும் சின்னத்துக்கும் வர்த்தக முத்திரை வேறு. அமெரிக்காவில் 1928-ன் முதல் மிக்கி 2024 ஜனவரியில் பொதுச்சொத்தானது என்று கேள்விப்பட்டு எனக்கும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அது அந்தக் கருப்பு வெள்ளை மிக்கிக்கு, கையுறை கூட இல்லாதவனுக்கு. மற்ற மிக்கிகளுக்கு அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

எண்ணத்துக்கு மட்டும் சட்டத்தில் வேலி கிடையாது, அது இரண்டு பக்கமும் வெட்டும். 1982-ல் ரேண்டி ஷூலர் என்ற வாசகர் ஸ்பைடர்மேனுக்குக் கருப்பு உடை போடலாமே என்று மார்வெலுக்கு எழுதினார். அவர்கள் 220 டாலர் கொடுத்து அந்த எண்ணத்தை வாங்கினார்கள். 1984-ல் கருப்பு உடை வந்தது, பின்னால் அதிலிருந்தே வெனம் என்ற வில்லன் கிளம்பினான். ஷூலருக்கு அந்த 220-தான்.

அதனால் ஸ்டிக்கருக்குச் சொந்தப் பிராணியைப் போடுங்கள். நீங்கள் அனுப்பிய தாளின் ஓரத்தில், மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் உட்கார்ந்து மட்டிப் பழம் உரிக்கும் ஒரு குரங்கைக் கிறுக்கியிருக்கிறீர்கள். அது எந்தக் கார்ட்டூனிலும் இல்லை. மாத்தூருக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு தாளில் எட்டாக அச்சடித்துப் பாருங்கள். வரைந்த தேதியைப் போட்டு மூலப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். எனக்கு ஒரு தாள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.