சாட்சி சொல்லப் போகும் குழந்தைக்கு எதைச் சொல்லித்தரலாம், எதைச் சொல்லித்தரக் கூடாது?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. எங்கள் தெருவில் குடியிருந்த ஒருவர் மீது போக்சோ சட்டத்தில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு நடக்கிறது. சம்பவம் நடந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் மகள் சாட்சி சொல்ல வேண்டும் என்று சம்மன் வந்திருக்கிறது. ‘போலீஸில் சொன்னதை ஒரு நோட்டில் எழுதித் தினமும் படிக்க வை, மறந்துவிட்டால் கேஸ் போய்விடும்’ என்கிறார் என் அண்ணன். ‘வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்காதே’ என்கிறார் என் கணவர். ஒரு வாரமாக மகள் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளை நான் எப்படித் தயார்ப்படுத்துவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அம்மா, அந்த நோட்டு வேண்டாம். மருமகளுக்காகத் தாய்மாமன் படும் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் வழி, உங்கள் மகளிடம் இருக்கும் ஒரே பலத்தை எடுத்து எதிர்த்தரப்பின் கையில் கொடுப்பதாகிவிடும். அந்தப் பலம் அவளுடைய சொந்தப் பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்குத் துணையாக நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை அவள் தன் போக்கில், தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில், ‘மேற்படி நபர் என்னைச் சம்பவ இடத்துக்கு அழைத்துச் சென்றார்’ என்றாள். குறுக்கு விசாரணைக்கு எழுந்த வழக்கறிஞர் மிக மென்மையான குரலில் முதலில் கேட்டது இதைத்தான்: ‘சம்பவ இடம் என்றால் என்ன பாப்பா?’ அவளுக்குத் தெரியவில்லை. ‘யார் சொல்லிக்கொடுத்தார்கள்?’ ‘பெரியப்பா.’ அவள் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் சொன்ன எல்லாவற்றின் மீதும் பெரியப்பாவின் நிழல் விழுந்துவிட்டது.

நம் சட்டத்தில் சாட்சி சொல்வதற்குக் குறைந்தபட்ச வயது என்று எதுவும் கிடையாது. குழந்தையின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை ஆதாரமாகக் கொண்டு தண்டனை கொடுக்கலாம். 2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேச அரசு எதிர் பல்வீர் சிங் வழக்கில், ஏழு வயதுச் சிறுமியின் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த விடுதலையை ரத்து செய்தது. குழந்தைக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்று நீதிமன்றம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு வலியுறுத்துகிறது. உங்கள் மகளின் வயது வழக்குக்குக் கேடு செய்யாது. சொல்லிக்கொடுத்தது போலத் தோன்றினால் அதுதான் கேடு செய்யும்.

இதற்குப் பின்னால் நாற்பது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில், குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக மழலையர் பள்ளி ஊழியர்கள் மீது பல வழக்குகள் போடப்பட்டன. கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் பள்ளி வழக்கு அவற்றில் பெரியது. விசாரித்தவர்கள் குழந்தைகளிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள். தாங்கள் எதிர்பார்த்த பதில் வந்தால் பாராட்டியிருந்தார்கள். 1990இல் அந்த வழக்கு யாருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. குழந்தைகள் சொன்னதில் எது உண்மை, எது பெரியவர்கள் ஊட்டியது என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போயிருந்தது. அதன்பின் ஸ்டீபன் செசி என்ற உளவியலாளரும் மிஷெல் லீக்ட்மனும் ஒரு சோதனை செய்தார்கள், 1995இல் வெளியானது. சாம் ஸ்டோன் என்ற ஆள் மழலையர் வகுப்புக்கு வந்து, ஓரிரு நிமிடம் இருந்து, எதையும் தொடாமல் போய்விடுவார். ஒரு பிரிவுக் குழந்தைகளிடம் ‘சாம் எதை எடுத்தாலும் உடைத்துவிடுவார்’ என்று முன்கூட்டியே கதை சொல்லி, அவர் வந்துபோன பின்னும் பல வாரங்களுக்கு அதே தொனியில் கேள்வி கேட்டார்கள். கடைசியில் அந்தப் பிரிவில் பல குழந்தைகள், சாம் புத்தகத்தைக் கிழித்ததாகவும் பொம்மையை அழுக்காக்கியதாகவும் விவரித்தார்கள். யாரும் கதை ஊட்டாத பிரிவில், ‘என்ன நடந்தது?’ என்று மட்டும் கேட்டபோது குழந்தைகள் ஏறக்குறைய நடந்ததையே சொன்னார்கள்.

இந்தச் சோதனையைக் காட்டி ‘குழந்தைகள் பேச்சை நம்ப முடியாது’ என்பவர்கள் பாதியை மட்டும் படித்தவர்கள். பெரியவர்கள் குறுக்கே வராதபோது குழந்தையின் நினைவு நன்றாகவே வேலை செய்கிறது என்பதுதான் மீதிப் பாதி. அந்தக் குழந்தைகள் மூன்று முதல் ஆறு வயதுக்காரர்கள். உங்கள் மகளின் வயதில் பிறர் சொல்வது அவ்வளவு எளிதில் நினைவோடு கலப்பதில்லை. ஆனாலும் நோட்டில் எழுதித் தினமும் படிக்கும் வாக்கியங்கள் எந்த வயதிலும் நினைவோடு கலந்துவிடும்.

‘மறந்துவிட்டால்?’ என்று கேட்பீர்கள். தனக்கு நேர்ந்த முக்கியமான விஷயத்தைப் பதினான்கு மாதத்தில் ஒன்பது வயதுக் குழந்தை பெரும்பாலும் மறப்பதில்லை. தேதி, மணி, அந்த ஆள் போட்டிருந்த சட்டையின் நிறம் போன்றவை மங்கலாம். அப்போது ‘ஞாபகம் இல்லை’ என்பதே நேர்மையான பதில். வீட்டிலும் பள்ளியிலும் தெரியாது என்று சொன்னால் திட்டு விழும் என்று பழகிய பிள்ளைகள், நீதிமன்றத்திலும் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடப் பார்ப்பார்கள். உளவியலாளர் மைக்கேல் லாம்பும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கி, இப்போது பல நாடுகளில் பின்பற்றப்படும் விசாரணை முறையில், சம்பவத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே குழந்தையிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம். கேட்பவர் தவறாகச் சொன்னால் திருத்தலாம். இதை நீங்களும் தாராளமாகச் சொல்லித்தாருங்கள். வழக்கைப் பற்றி ஒரு சொல்கூட இதில் இல்லை.

குறுக்கு விசாரணைக்கும் பழக்கலாம். நியூசிலாந்தில் ரேச்சல் ஸஜாக், ஹார்லீன் ஹெய்ன் என்ற இருவர், ஐந்தாறு வயதுக் குழந்தைகளைக் காவல் நிலையத்துக்குச் சுற்றிப் பார்க்க அழைத்துப்போய், பல மாதம் கழித்துக் குறுக்கு விசாரணை பாணியில் கேள்வி கேட்டார்கள். பெரும்பாலானோர் தாங்கள் முன்பு சரியாகச் சொன்னதையே மாற்றிச் சொன்னார்கள். இது 2003இல். 2006இல் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் செய்துபார்த்தபோதும் பலர் மாற்றினார்கள். அவர்களின் நினைவில் குறை இல்லை. பெரியவர் அடித்துச் சொன்னால் ஒத்துக்கொள்வதுதான் மரியாதை என்று அவர்கள் நினைத்திருக்கலாம். பின்னர் 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், வழக்கோடு சம்பந்தமே இல்லாத வேறொரு விஷயத்தில் குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட கேள்விகளை முன்கூட்டியே பழக்கிவிட்டபோது, அவர்கள் பதிலை மாற்றுவது குறைந்தது.

இதை வீட்டில் விளையாட்டாகவே செய்யலாம். நேற்று இரவு அவள் தோசை சாப்பிட்டிருப்பாள். ‘நீ நேற்று இட்லிதான் சாப்பிட்டாய், அப்படித்தானே?’ என்று கேளுங்கள். ‘இல்லை, தோசை’ என்பாள். விடாதீர்கள். ‘நன்றாக யோசித்துச் சொல், அப்பாகூட இட்லி என்கிறாரே?’ அவள் தடுமாறாமல் ‘தோசைதான்’ என்றால் கைதட்டுங்கள். இன்னொன்றையும் பழக்குங்கள். தமிழில் எதிர்மறையாகக் கேட்கும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள முடியும். ‘நீ அங்கே போகவில்லைதானே?’ என்றால் ‘இல்லை’ என்பது போகவில்லை என்பதா, நீங்கள் சொல்வது சரியில்லை என்பதா? நம் நீதிமன்றங்களில் ‘இப்படி நடக்கவில்லை என்று சொன்னால் சரிதானே?’ என்ற வகைக் கேள்விகள் ஏராளம். பெரியவர்களே இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ‘போனேன்’, ‘போகவில்லை’ என்று முழு வினைச்சொல்லாகப் பதில் சொல்ல அவளைப் பழக்குங்கள். தோசையும் பள்ளி ஆண்டு விழாவும் போதும். வழக்குப் பக்கம் போக வேண்டாம்.

இதில் எதையும் மறைக்கச் சொல்லாதீர்கள். ‘அம்மா உன்னிடம் பேசினாரா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். ‘பேசினார், உண்மையைச் சொல் என்றார்’ என்று அவள் சொல்லட்டும். பேசவே இல்லை என்று சொல்லச் சொன்னால், நீங்களே அவளை ஒரு பொய் சொல்ல வைத்தவர் ஆவீர்கள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆகாததால், நீதிபதி முதலில் பெயர், பள்ளி, உண்மைக்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம் என்று சில கேள்விகள் கேட்டுவிட்டு, சத்தியப்பிரமாணம் தேவையா என்று முடிவு செய்வார். இதற்கு விளக்கம் எதையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். விக்டோரியா தல்வார், காங் லீ முதலியோர் கனடாவில் செய்த ஆய்வில், உண்மை, பொய் என்பவற்றுக்குச் சரியாக விளக்கம் சொல்லத் தெரிவதற்கும் குழந்தை உண்மை பேசுவதற்கும் தொடர்பு இல்லை என்று தெரிந்தது. ‘உண்மையைச் சொல்கிறேன்’ என்று வாக்குக் கொடுப்பதுதான் பலன் தந்தது. 2006 முதல் அந்த நாட்டில் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வாக்குக் கொடுத்தால் போதும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. நீங்களாகப் பேச்சை எடுக்காமல் இருப்பது சரி. ஆனால் வீடே வாயடைத்துக் கிடந்தால், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகக் குழந்தை எடுத்துக்கொள்ளும். அவளாகச் சொன்னால் கேளுங்கள், துருவாதீர்கள், திருத்தாதீர்கள். தூக்கம் கெடுவதற்கு என்ன காரணம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் ‘நான் தப்பாகச் சொன்னால் என்னை ஜெயிலில் போடுவார்களா?’ என்று என்னிடம் கேட்ட பிள்ளைகள் பலர். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் குற்றவாளிகள் என்றுதான் சின்னப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உன்னை யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள், நடந்ததைக் கேட்பதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள். தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். வழக்கு நடப்பது அதற்குத் தடை இல்லை.

அடுத்து, நீதிமன்றத்தில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை. கேட்காவிட்டால் பல இடங்களில் தானாக நடப்பதில்லை என்பதால் சொல்கிறேன். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படக் கூடாது. திரை, ஒருபக்கக் கண்ணாடி, காணொலி ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்தலாம் என்கிறது போக்சோ சட்டத்தின் 36ஆம் பிரிவு. 33ஆம் பிரிவின்படி இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்விகளை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். குழந்தையிடம் கேட்பவர் நீதிபதி. நடுநடுவே இடைவேளை உண்டு. அவளைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. இவை சலுகைகள் அல்ல. கெயில் குட்மன் குழுவினர் அமெரிக்காவின் டென்வர் பகுதியில் 218 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 1992இல் ஆய்வை வெளியிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே பார்க்க அதிகம் பயந்த குழந்தைகள்தான் அரசுத் தரப்புக் கேள்விகளுக்கே பதில் சொல்ல முடியாமல் திணறினார்கள். பலமுறை சாட்சி சொன்னவர்களும், தாயின் ஆதரவு கிடைக்காதவர்களும் மீண்டுவர அதிக காலம் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு முடிந்த பிறகு பெரும்பாலானோர் தேறினார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணை நிற்கும் ‘ஆதரவு நபர்’ ஒருவரை உங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். இந்த வசதி இருப்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. சாட்சி நாளுக்கு முன்பே ஒரு நாள் அவரோடு போய், காலியான நீதிமன்ற அறையை மகளுக்குக் காட்டுங்கள். நீதிபதி எங்கே உட்காருவார், தட்டச்சு செய்பவர் எங்கே, தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். டவாலி அவள் பெயரை வராந்தாவில் உரக்கக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளும்படி அரசு வழக்கறிஞரிடம் சொல்லிவையுங்கள். அவள் அடையாளம் வெளியே தெரியக் கூடாது. போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தை அவளுக்கு நினைவூட்ட வேண்டுமானால் அது அரசு வழக்கறிஞருடைய வேலை, உங்களுடையது அல்ல.

பலர் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொண்டு தவிக்கும் விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலும் தாயும் வழக்கில் ஒரு சாட்சியாக இருப்பார். அப்படி இருந்தால், மகள் சாட்சி சொல்லும்போது நீங்கள் அறைக்குள் இருப்பதற்கு எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். நீங்களும் சாட்சியா என்று இந்த வாரமே அரசு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். குழந்தை நம்பும் எவரும் உடன் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. சித்தியா, அத்தையா, பக்கத்து வீட்டு அக்காவா என்று நீங்களாகத் தீர்மானிக்காமல், ‘உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்?’ என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்லும் பெயர் உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தாலும், காலி அறையைப் பார்க்கப் போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துப் போங்கள்.