வாசகர் கேள்வி–பதில்: ஜீனோம் தரவுப் பகுப்பாய்வு

கேள்வி: எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி இறுதியாண்டு படிக்கிறேன். ஜீனோம் தரவுப் பகுப்பாய்வில் வேலை தேட ஆசை. புரோகிராமிங் தெரியாது. 8 ஜி.பி. ராம் உள்ள லேப்டாப்பில் பழக முடியுமா?
– மாணவி, திருச்சி

பதில்: தாராளமாக முடியும், மனித ஜீனோமை (முழு டி.என்.ஏ. வரிசையை) தொடாத வரை. அதில் சுமார் 310 கோடி எழுத்துகள். ஒவ்வொன்றையும் சராசரியாக 30 முறை படித்தால், 150 எழுத்து நீளத் துண்டுகள் 60 கோடிக்கு மேல் வந்து குவியும். ஆர்.என்.ஏ. துண்டுகளை மனித ஜீனோமோடு பொருத்திப் பார்க்க, ஸ்டார் மென்பொருள் 30 ஜி.பி. அளவுக்கு ராம் கேட்கும்.

ஈஸ்ட்டை எடுங்கள். 1.2 கோடி எழுத்து, ஏறக்குறைய 6,000 மரபணு. உங்கள் லேப்டாப் தாங்கும். எஸ்.ஆர்.ஏ. என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஈஸ்ட்டின் ஆர்.என்.ஏ. தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஒப்பிட இரண்டு நிலை, நிலைக்கு மூன்று மாதிரி என்று இருக்கும் ஆய்வாகப் பார்த்து இறக்குங்கள். ஃபாஸ்ட்கியூசி மென்பொருளில் தரம் பாருங்கள். தர மதிப்பெண் கியூ30 என்றால் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று பிழையாக இருக்கலாம் என்று பொருள். துண்டுகளை ஹைசாட்2-வில் ஜீனோமோடு பொருத்தி, மரபணுவுக்கு எத்தனை என்று ஃபீச்சர்கவுன்ட்ஸில் எண்ணி, இரு நிலைகளையும் ஒப்பிட ஆர் மொழியில் டெசிக்2-வுக்குக் கொடுங்கள். எண்ணி வந்த முழு எண்களை அப்படியே கொடுக்க வேண்டும், மரபணு நீளத்துக்கும் மொத்த அளவுக்கும் சரிக்கட்டிய டி.பி.எம். மதிப்பைக் கொடுப்பது தவறு.

பைத்தானுக்கு ஓடுவதற்கு முன் லினக்ஸ் கட்டளை வரி கைவர வேண்டும். கிரெப் (தேட), சார்ட் (வரிசைப்படுத்த), ஆக் (பத்திகளைக் கையாள) மூன்றும் தெரிந்தாலே பாதி வேலை நடக்கும். மற்றபடி, மென்பொருளை ஓட்டுவது யாருக்கும் வந்துவிடும். வந்த விடையைச் சந்தேகிக்கத் தெரிகிறதா என்பதுதான் இந்தத் துறையில் ஆளை அளக்கும் கோல். 6,000 மரபணுவில் பி மதிப்பு (மாற்றமே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழ் என்று மட்டும் வடிகட்டினால், எந்த மாற்றமும் நடக்காத இடத்தில்கூட 300 மரபணு தற்செயலாகத் தேறிவிடும். இத்தனை சோதனைகளுக்கும் சேர்த்துத் திருத்திய பி மதிப்பை ஏன் பார்க்கிறோம் என்பதை இந்தக் கணக்கோடு சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்.என்.ஏ. துண்டுகள் 90 சதவீதத்துக்கு மேல் ஜீனோமோடு பொருந்திவிட்டன. ஆனால் எண்ணிக்கைப் பட்டியலில் எல்லா மரபணுவுக்கும் 0. மென்பொருள் பழுதா?
– ஆய்வு மாணவர், கோவை

பதில்: மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள்; குரோமோசோம் பெயரைப் பாருங்கள். ஜீனோம் தரும் தளங்களில் யு.சி.எஸ்.சி. கோப்புகளில் முதல் குரோமோசோம் 'சி.எச்.ஆர்.1', என்செம்பிளில் வெறும் '1'. ஜீனோம் ஒரு இடத்திலிருந்தும், மரபணுக்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் ஜி.டி.எஃப். கோப்பு வேறு இடத்திலிருந்தும் வந்திருந்தால் இரண்டும் ஒட்டாது. பொருத்திய கோப்பின் மீது சாம்டூல்ஸ் மென்பொருளின் ஐடிஎக்ஸ்ஸ்டாட்ஸ் கட்டளை தரும் பெயர்களை ஜி.டி.எஃப். கோப்பின் முதல் பத்தியோடு ஒப்பிட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முன்னால் 'சி.எச்.ஆர்.' ஒட்டிச் சரிசெய்யலாம்தான். மைட்டோகாண்ட்ரியாவில் அது கவிழ்த்துவிடும்: ஒருபுறம் 'சி.எச்.ஆர்.எம்.', மறுபுறம் 'எம்.டி.'. இரண்டு கோப்பையும் ஒரே தளத்தில், ஒரே வெளியீட்டில் இறக்குவதே பத்திரம்.

0 வந்தது உங்கள் நல்ல நேரம். மனித ஜீனோமின் பதிப்புகளான ஜி.ஆர்.சி.எச்.37, ஜி.ஆர்.சி.எச்.38 இரண்டையும் கலந்திருந்தால் பெயர் ஒத்துப்போகும், இடங்கள் நகர்ந்திருக்கும். தப்பான எண்கள் சாதுவாக வந்து உட்கார்ந்திருக்கும்.

பெயரைச் சரிசெய்த பிறகு எண்ணிக்கை பாதியாக வருகிறதா? ஆர்.என்.ஏ. எந்த டி.என்.ஏ. இழையிலிருந்து வந்தது என்ற திசையைக் காக்காத லைப்ரரிக்கு (படிக்கத் தயாரித்த மாதிரிக்கு) திசை கொடுத்திருப்பீர்கள். ஒரு சில சதவீதமே தேறுகிறதா? திசை தலைகீழ். திசையைக் காக்கும் டி.யு.டி.பி. முறையில் தயாரித்த லைப்ரரிக்கு ஃபீச்சர்கவுன்ட்ஸில் இழைத் திசையை 2 என்று கொடுக்க வேண்டும்.

கேள்வி: மரபணுப் பட்டியலில் நடுநடுவே 'மார்ச் 1' என்று தேதி வருகிறதே?
– வாசகர், மதுரை

பதில்: எக்செல் செய்த உபகாரம். 'மார்ச்1', 'செப்ட்2' போன்ற பெயர்களை அது தேதியாக்கிவிடும். இதற்காகவே 2020-ல் மனித மரபணுப் பெயர்க் குழு அவற்றை 'மார்ச்எஃப்1', 'செப்டின்2' என்று மாற்றியது. பழைய கோப்புகளில் பழைய பெயர்தான் இருக்கும். திறக்கும்போதே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். சேமித்துவிட்ட கோப்பிலிருந்து பழைய பெயரை ஊகித்து எழுதாதீர்கள்: 'மார்ச்1', 'மார்க்1' என்ற இரு வேறு மரபணுக்களும் அதே மார்ச் 1-ஆகத்தான் மாறும். மூலக் கோப்பை மறுபடி எடுங்கள்.