லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர் வெளிநடப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிக அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1968 மார்ச்சில் பள்ளி நிலைமையை எதிர்த்து வகுப்புகளை விட்டு வெளியேறி நடத்திய வெளிநடப்பு பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். நானும் ஆசிரியனாக இருந்தவன் என்பதால் கேட்கிறேன்: பிள்ளைகளைத் தூண்டிவிட்டவர் ஓர் ஆசிரியர்தானே? அதனால் அவர்களுக்குக் கிடைத்ததுதான் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

தங்கள் ஐயம் புதிதல்ல. அன்றைய அரசு வழக்கறிஞர் தரப்பும் அப்படித்தான் எண்ணியது. அதனால்தான் லிங்கன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோவோடு கல்லூரி மாணவர்களும் மெக்சிக அமெரிக்கர் உரிமை இயக்கத்தினருமாக மொத்தம் 13 பேர் மீது சதி வழக்குப் போட்டது. காஸ்ட்ரோ வழிகாட்டினார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. மாணவர்களோடு அவரும் வெளியே நடந்தார். ஆனால் முதலில் வெளியேறியவர்கள் அவருடைய மாணவர்கள் அல்லர். தாங்கள் மேடையேற்றவிருந்த நாடகத்தை நிர்வாகம் ரத்து செய்த கோபத்தில், திட்டமிட்டிருந்த நாளுக்கு முன்னதாகவே, மார்ச் 1ஆம் தேதி வில்சன் பள்ளி மாணவர்கள் வெளியேறிவிட்டார்கள். தூண்டிவிட்டவர் என்று நாம் சொல்லும் மனிதரின் கணக்கிலேயே இல்லாத நாள் அது.

அவர்களுடைய குறைகளைப் பாருங்கள். மதிய உணவு வேளையில் கழிப்பறைகளைப் பூட்டி வைத்தார்கள். பள்ளியில் ஸ்பானிய மொழி பேசினால் பலகையால் அடி விழுந்தது. கல்லூரிக்குப் போகக்கூடிய பிள்ளைகளைக்கூடத் தொழிற்பட்டறைக்கும் தட்டச்சுக்கும் திருப்பிவிட்டார்கள். பூட்டிய கழிப்பறை முன் நிற்கும் பிள்ளைக்கு அது அநியாயம் என்று எடுத்துச்சொல்ல வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டுமா என்ன? அந்தக் கோபத்தை இருமொழிக் கல்வி, தங்கள் மக்களின் வரலாற்றுப் பாடம், தங்கள் சமூகத்திலிருந்து கூடுதல் ஆசிரியர்கள் என்று கோரிக்கைகளாக வரிசைப்படுத்துவதில்தான் பெரியவர்களின் துணை இருந்தது. அது ஆசிரியர் செய்ய வேண்டிய வேலைதான் என்பது என் எண்ணம்.

கிடைத்தது என்ன என்ற கேள்வி கடினமானது. மார்ச் 28 அன்று, நகரப் பள்ளிகளை நிர்வகிக்கும் கல்விக் குழு லிங்கன் பள்ளிக்கே வந்து மாணவர்களையும் பெற்றோரையும் கேட்டது. கேட்டுவிட்டுப் பணமில்லை என்றது. காஸ்ட்ரோவை வகுப்பறையிலிருந்து விலக்கியபோது, பெற்றோரும் மாணவர்களும் குழுவின் அலுவலகத்திலேயே இரவுபகலாக உட்கார்ந்து அவரை மீண்டும் பணியில் சேர்க்க வைத்தார்கள். சதி வழக்கை 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வரலாற்றுப் பாடத்துக்குத்தான் நெடுங்காலம் பிடித்தது. சிறுபான்மை இனங்களின் வரலாற்றையும் வாழ்வையும் கற்பிக்கும் பாடத்தை உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 2021இல்தான் வந்தது. அன்று வெளியே நடந்தவர்களுக்கு அப்போது வயது எழுபதை எட்டியிருந்தது.