ஸ்டிக் டிரிஃப்ட் என்றால் என்ன? மலிவான ஆண்ட்ராய்டு கன்சோலில் ஹால் ஸ்டிக் இருந்தால் என்ன லாபம்?

கன்சோலில் கட்டைவிரலால் ஆளை நகர்த்தும் சிறு குமிழ்தான் ஸ்டிக். அதை நாம் தொடாமலே விளையாட்டில் ஆள் ஒரு பக்கமாக நகர்ந்தால் அதுதான் ஸ்டிக் டிரிஃப்ட். வழக்கமான ஸ்டிக்கின் உள்ளே ஒரு கரிப்பூச்சுப் பட்டையில் உலோக முனை உரசிக்கொண்டே இருக்கும். பூச்சு தேய்ந்தாலோ தூசு சேர்ந்தாலோ அளவு தவறாகிவிடும். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு கரகரக்குமே, அதற்குள் இருப்பதும் ஏறத்தாழ இதே பாகம்தான்.

ஹால் ஸ்டிக்கில் காந்தத்தின் அசைவை ஒரு உணரி (சென்சார்) தொடாமலே அளக்கும். அந்த உரசல் இல்லை. புதுச் சங்கதியும் அல்ல, 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்சோலிலேயே இருந்தது. இப்போது அன்பர்னிக், ரெட்ராய்ட் நிறுவனங்களின் கையடக்கக் கன்சோல்கள் பலவற்றிலும் கிடைக்கிறது. மட்டக்களப்பின் கல்லடிப் பக்கம் கடற்கரை மணலோடு புழங்கும் பொடியன்மாருக்கு, வேகமான சிப்பைவிட இதற்குக் காசு கொடுப்பதே புத்தி என்பேன்.

ஆனால் ஹால் என்றால் பழுதே வராது என்று நினைக்க வேண்டாம்: ஸ்பிரிங் தளரலாம், நடுப்புள்ளி விலகினால் செட்டிங்ஸில் மறுபடி சரிசெய்ய வேண்டிவரும்.